பரண்மேல் பூமிசாஸ்திரம்

ரோல்ட் ஹொஃப்மன். 1981, இரசாயனவியலுக்கான நோபல் பரிசு. ஜப்பானியர் கெனிச்சி ஃபுக்குயியோடு பகிர்ந்துகொண்டது.

பரிசைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. எனக்கு வேண்டியது அந்தப் பரண்.

பிறந்தது 1937, யூதக் குடும்பத்தில். ஊர் ஸ்லோச்சோவ். அப்போது போலந்து. அப்புறம் சோவியத். அப்புறம் ஜேர்மன்காரன். மறுபடி சோவியத். இப்போது உக்ரேன்.

ஊர் அதே இடத்தில்தான் இருக்கிறது.

தென்துருவத்தில் முதலில் கால் வைத்த ரோல்ட் அமுண்ட்சனின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள்.

1943 ஜனவரி தொடங்கி 1944 ஜூன் வரை அந்தப் பிள்ளைக்கு ஒரு பரண், ஒரு சாமான் அறை. அவ்வளவுதான் உலகம். அம்மாவும் உறவுக்காரர் மூவரும் கூடவே.

உனிவ் என்ற கிராமம். பள்ளிக்கூடக் கட்டடம். ஒளித்து வைத்தவர் அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார். மிகோலா டியூக், உக்ரேனியர். வீட்டுக்காரியும் உடந்தை.

பிடிபட்டால் வாத்தியார் குடும்பமும் சேர்ந்து போகும்.

ஏறும்போது ஐந்து வயது. இறங்கும்போது ஏழு நெருங்கிவிட்டது.

அந்த வயதுப் பிள்ளையைச் சத்தம் போடாமல் எப்படி வைத்திருப்பது? வீட்டில் அரை மணி நேரம் முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அம்மா கிளாரா ஆசிரியைக்குப் படித்தவர். பரணில் பழைய பூமிசாஸ்திரப் புத்தகங்கள் கிடந்தன. அதை வைத்தே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தார். கடல், நதி, நாடு, தலைநகரம். மனப்பாடம். பிறகு கேள்வி. தப்பினால் திரும்பவும்.

பள்ளிக்கூடத்துப் பரணில் வேறென்ன கிடக்கும்.

பழைய பாடப்புத்தகத்தை எடைக்குப் போடாதவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

ஜன்னல் ஒன்று இருந்திருக்கிறது. வெளியே மற்றப் பிள்ளைகள் விளையாடுவதை அதன் வழியாகப் பார்த்தாராம்.

*

அப்பா ஹில்லெல் சஃப்ரான். சிவில் எஞ்சினியர். கட்டாய உழைப்பு முகாமில் வைத்திருந்தார்கள். பாலம், தெரு விஷயம் தெரிந்த ஆள், அதனால் உடனே கொல்லவில்லை.

காவலாளிக்குக் காசு கொடுத்து மனைவியையும் மகனையும் வெளியே அனுப்பிவிட்டு, தான் உள்ளேயே இருந்தார். முகாமை உடைத்துக்கொண்டு வெளியேறத் திட்டம் போட்டதில் அவரும் ஒருவர். திட்டம் வெளியே தெரிந்துவிட்டது. 1943இல் கொன்றார்கள்.

இந்த மனிதரிடம் ஒரு கொப்பி இருந்தது. சார்பியல் தத்துவம் பற்றிய புத்தகம் ஒன்றை வாசித்து அதில் குறிப்பெடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

ஐன்ஸ்டைன். அந்த நாளில். அந்த ஊரில்.

கணவன் செத்த செய்தி வந்தது. மனைவி அதே கொப்பியை எடுத்துத் தன் துக்கத்தை எழுதினார். பரணில் அழ முடியாது, கீழே கேட்கும்.

ஒரே கொப்பியில் இரண்டு கையெழுத்து.

*

நம்மூர், இலங்கை மலையகத் தோட்டத்துக் கொப்பிகள்:

செக்ரோல். பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும் கொப்பி. எங்கள் பாட்டன் பூட்டனைப் பற்றி எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இது மட்டும்தான். எத்தனை நாள் வேலை, எத்தனை இறாத்தல் கொழுந்து, எவ்வளவு கடன்.

பேர்கூடச் சரியாக இருக்காது. கணக்கப்பிள்ளை காதில் விழுந்தது பேர். பிறப்பத்தாட்சியில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று, பாடசாலை இடாப்பில் வேறொன்று.

ஹொஃப்மனும் பிறக்கும்போது ஹொஃப்மன் இல்லை. சஃப்ரான். அம்மா மறுமணம் செய்துகொண்ட பிறகு வந்த பெயர் இது.

*

புசல்லாவையில் ரொத்சைல்ட் தோட்டம். பஸ் போகும்போது பெயர்ப்பலகை தெரியும்.

ஐரோப்பாவின் பெரிய யூத வங்கிக் குடும்பம். அவர்களுடைய உறவுக்காரச் சகோதரர்கள் மௌரிஸ் டி வோர்ம்ஸ், கேப்ரியல் டி வோர்ம்ஸ். 1840களின் தொடக்கத்தில் இந்தத் தோட்டத்தில் சீனத் தேயிலை நட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் நட்டது 1867. அதற்கும் கால் நூற்றாண்டு முந்தி.

அப்போது கோப்பிக் காலம். யாரும் தேயிலையைக் கவனிக்கவில்லை.

வேலைக்கு வந்தவர்கள் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்கள். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

*

ஸீக்முண்ட் ஃபெனிகர். ஜேர்மனியில் ஹனாவ் என்ற ஊர். 1901. யூதக் குடும்பம். ஹிட்லர் வந்த பிறகு 1936இல் இலங்கைக்கு வந்து புத்த பிக்குவானார். பெயர் ஞானபொனிக தேரர். கொஞ்ச காலம் கம்பளைப் பக்கம் வயலோரத்தில் ஒரு குடில்.

தாயையும் 1939இல் இங்கே வரவழைத்துவிட்டார். தப்பினார் அந்த அம்மா.

யுத்தம் வந்தது. வெள்ளைக்காரன் இந்த மனிதரைப் பிடித்துத் தியத்தலாவை முகாமில் போட்டான். காரணம்: ஜேர்மன்காரர், ஆகவே எதிரி.

ஜேர்மனியில் யூதன் என்று துரத்தினார்கள். தியத்தலாவையில் ஜேர்மன்காரன் என்று அடைத்தார்கள். அதே ஆள்.

பிறகு வட இந்தியா, டேராடூன் முகாம். 1946 வரை. முள்கம்பிக்குள் உட்கார்ந்து பாளி நூல்களை ஜேர்மனில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

50களின் தொடக்கத்தில் இலங்கைப் பிரஜை ஆனார்.

1958இல் கண்டியில் பௌத்த பிரசுர சங்கம். சின்னச் சின்னப் புத்தகங்கள், உலகம் முழுக்கத் தபாலில். 1994இல் காலமாகும்வரை கண்டி உடவத்தக்கலைக் காட்டுக்குள் வாசம்.

ஹொஃப்மனைப் போல விஞ்ஞான வாத்தியார் இல்லை. இருந்தாலும் குறித்து வைக்கிறேன்.

*

1948, 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம்.

1949, இந்திய பாகிஸ்தானியர் சட்டம். பிரஜாவுரிமையோடு அதே வருடம் எங்கள் ஆட்களின் வாக்கும் போயிற்று.

1949 பெப்ரவரி 22. ஜோர்ஜ் வாஷிங்டன் பிறந்த தினம். அன்றுதான் ஹொஃப்மன் குடும்பம் அமெரிக்காவில் இறங்கியது. எர்னி பைல் என்ற படைக் கப்பல். பையனுக்குப் பதினொரு வயது. ஆங்கிலம் அவருக்கு ஆறாவது மொழி.

1964, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் அந்தப் பக்கம், இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இந்தப் பக்கம். 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். பிறகு, 1974இல், ஆளுக்குப் பாதி.

கூடலூர், கோத்தகிரி. அங்கேயும் தேயிலை.

2003, 35ஆம் இலக்கச் சட்டம். மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை.

*

அமெரிக்காவுக்குப் போகுமுன் அகதி முகாம்கள். அங்கே இரண்டு வாழ்க்கை வரலாறுகள் வாசித்ததாக ஹொஃப்மனே எழுதியிருக்கிறார். இரண்டும் ஜேர்மன் மொழிபெயர்ப்பில்.

ஒன்று மேரி கியூரி.

மற்றது ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர். பிறக்கும்போது அடிமை. பிறகு விவசாய விஞ்ஞானி, ஆசிரியர். கச்சானில் என்னவெல்லாம் செய்யலாம் என்று செய்து பார்த்தவர்.

யாரோ ஒருவர் இந்த இரண்டு புத்தகத்தையும் அந்த முகாமுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். யார் அந்தப் புண்ணியவான்?

*

கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஹொஃப்மன், 1965 முதல்.

கவனிக்க வேண்டியது: பெரிய ஆள் ஆன பிறகும் முதலாம் வருட மாணவர்களுக்கான பொது இரசாயனவியலை ஏறக்குறைய வருடா வருடம் அவரே எடுத்தார். நோபலுக்குப் பிறகும். கற்பித்ததால்தான் தன் ஆராய்ச்சி நன்றாக வந்தது என்று சொல்கிறவர்.

நம் பக்கம் ஆள் பெரியவரானால் முதலில் கைவிடுவது ஆறாம் வகுப்பைத்தான்.

1990இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரசாயனம் பற்றிய தொடர். 26 பாகம். கதை சொல்லிக்கொண்டு போகிறவர் இவர்.

கவிதையும் எழுதுவார். நாடகமும். கார்ல் ஜெராஸியோடு சேர்ந்து ஒட்சிசனைப் பற்றி ஒரு நாடகம். ஒட்சிசனை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்ற சண்டை. ஷீலேயா, ப்ரீஸ்ட்லியா, லவோசியேயா.

*

ஒட்சிசன் என்றதும் தேயிலை ஸ்டோர் ஞாபகம்.

கொழுந்து வருகிறது. வாட்டுகிறார்கள். உருட்டுகிறார்கள். இலையின் கலங்கள் உடைந்து சாறு வெளியே வருகிறது. பரப்பி வைத்தால் பச்சை போய்ச் செம்பு நிறம். நுண்ணுயிர் எதுவும் வேலை செய்வதில்லை. காற்றிலிருக்கும் ஒட்சிசனும் இலைக்குள்ளேயே இருக்கும் நொதியமும் செய்கிற வேலை. கட்டெச்சின்கள் ஒட்சியேறித் தியாஃபிளேவினும் தியாருபிகினும் ஆகின்றன. சாயத்தின் பளபளப்பு ஒன்றால், கடும் நிறம் மற்றதால். பிறகு சூடு. நொதியம் செத்துவிடும். மாற்றம் நின்றுவிடும்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் வித்தை. டீமேக்கர் மூக்கால் கண்டுபிடிப்பார்.

லயத்துக்குக் கீழேயே நடக்கிறது இது. வாசனை வகுப்பறைக்குள் வரும்.

வகுப்பில் ஒட்சியேற்றத்துக்கு உதாரணம்: இரும்பாணி துருப்பிடித்தல்.

தலவாக்கலையில் சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிலையம் தொடங்கியது 1925இல். மதில் ஓரமாகப் பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்து போகிறார்கள்.

*

ஒரு கோப்பைச் சாயத்தண்ணி. தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளுக்கும். இன்னொரு கோப்பையில் அப்பச்சோடா ஒரு சிட்டிகை. கறுக்கும். அமிலம், காரம், காட்டி, மூன்றும் வந்துவிட்டது.

இரும்பாணியைப் போட்டு ஒரு இரவு வைத்தால் மை மாதிரி கறுப்பு.

*

ஜோர்ஜ் ஷார்பாக். இவரையும் எழுதியாக வேண்டும்.

1924, போலந்து யூதக் குடும்பம், ஏழு வயதில் பாரிஸ். எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்தார். 1943இல் சிறை. 1944இல் டாக்காவ் வதைமுகாம். அங்கே அவரை அரசியல் கைதி என்று பதிந்திருந்தார்கள். யூதர் என்று தெரியாமல் போனது.

1945 விடுதலை. 1946 பிரெஞ்சுக் குடியுரிமை. மறு வருடமே.

பிறகு ஜெனீவா, சேர்ன் ஆய்வுகூடம். 1968இல் ஒரு கருவி. ஒரு வாயுப் பெட்டிக்குள் மெல்லிய கம்பிகளை வரிசையாக இழுத்துக் கட்டி, துகள் எந்த வழியாகப் போனது என்று மின்சாரக் குறியாலேயே அறிவது. அதற்கு முன்னால் புகைப்படம் எடுத்து, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1992 நோபல்.

முகாமிலிருந்து வந்தவர் கம்பிகளோடேயே இருந்தார் என்று எழுத வாய் வருகிறது. வேண்டாம். மலிவு.

சிகாகோவில் லியோன் லெடர்மன், அவரும் பௌதிக நோபல்காரர், ஏழைப் பகுதிப் பாடசாலைகளில் சின்னப் பிள்ளைகளைச் செய்து பார்க்க வைத்துக் கற்பித்தார். ஷார்பாக் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து 1996இல் பியேர் லேனா, இவ் கேரே இருவரோடும் சேர்ந்து பிரெஞ்சு ஆரம்பப் பாடசாலைகளில் அதைத் தொடங்கினார். அதன் பெயர் லா மென் ஆ லா பாத். எழுபது வயதுக்கு மேல்.

அதில் ஒரு விதி எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பரிசோதனைக் கொப்பி ஒன்று உண்டு. என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, ஏன் அப்படி. பிள்ளையின் சொந்த வாக்கியத்தில். கரும்பலகையிலிருந்து எழுதியது தனி.

நம் கொப்பிகள் அத்தனையும் கரும்பலகைதான். நாற்பது பிள்ளை, ஒரே வாக்கியம், ஒரே பிழை.

*

1983 ஜூலை கடைசி வாரம். நுவரெலியா நகரத்தில் தமிழ்க் கடைகள் எரிந்தன. பதுளையிலும்.

சீலிங்குக்கு மேல் ஒளிந்தவர்கள். சிங்கள அயலவர் வீட்டுக் குசினியில் ஒளிந்தவர்கள். தேயிலை மலைக்குள் இரவைக் கழித்தவர்கள். கவ்வாத்து வெட்டாத மலையாக இருந்தால், செடிக்கு அடியில் படுத்த பிள்ளை மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

இடம் கொடுத்தவர்களின் பெயர்களை யாராவது எழுதி வைத்தார்களா?

மிகோலா டியூக்கை 2007இல் ஜெருசலேமில் உள்ள யாத் வஷெம் கௌரவித்தது. அறுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஆனாலும் பெயர் இருக்கிறது.

முன்பெல்லாம் மலையகப் பாடசாலைகளில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பித்தவர்கள் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள். 83க்குப் பிறகு பலர் திரும்பி வரவில்லை.

ஆன் ரணசிங்க. எஸன் நகரத்தில் பிறந்த ஆனலீஸ் காட்ஸ். 1939இல் இங்கிலாந்துக்கு அனுப்பிவைக்கப்பட்ட யூதச் சிறுமி. பெற்றோரைக் கொன்றுவிட்டார்கள். இலங்கை வைத்தியரைக் கட்டிக்கொண்டு கொழும்பில் வாழ்ந்தார். ஆங்கிலக் கவிஞர். 1983 ஜூலையைப் பார்த்துவிட்டு அதையே தலைப்பாக வைத்து ஒரு கவிதை எழுதினார். 2016இல் காலமானார். தமிழில் நமக்கு அவரைத் தெரிந்தது குறைவு.

*

துரத்தப்பட்ட இன்னொருவர், மக்ஸ் போர்ன். குவாண்டம் மேதை. யூதர் என்று கோட்டிங்கனில் வேலை போயிற்று. சி.வி. ராமன் 1935இல் பெங்களூருக்கு அழைத்தார். நிரந்தரமாக வைத்துக்கொள்ள விரும்பினார். கூட்டத்தில் ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாடு துரத்திய இரண்டாந்தர ஆளெல்லாம் நமக்கு எதற்கு என்ற மாதிரிப் பேசினார். போர்ன் அதே அறையில் உட்கார்ந்திருந்தார்.

1936இல் எடின்பரோ போய்விட்டார். 1954இல் நோபல்.

*

பத்தனையில் ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரி. தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கக் கட்டியது. பணம் ஜேர்மன் அரசின் உதவி.

தோட்டப் பாடசாலைகளுக்கு வகுப்பறை கட்டிக்கொடுத்தது சுவீடனின் உதவி நிறுவனம் சீடா.

ஜேர்மனி, சுவீடன். சரி.

1907 சட்டப்படி தோட்டத்தில் பாடசாலை இருக்க வேண்டும். இருந்தது. ஒரு வாத்தியார், ஒரு கொட்டகை, ஐந்தாம் வகுப்போடு சரி. அரசாங்கம் பெரும்பாலானவற்றைப் பொறுப்பேற்றது 70களின் கடைசியில் தொடங்கித்தான்.

உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் இன்றும் மிகக் குறைவு. மஸ்கெலியாப் பிள்ளை ஹட்டனுக்கு வர வேண்டும். ஹட்டன் பிள்ளை கண்டிக்கோ கொழும்புக்கோ பார்க்கிறது. லயத்துக் காம்பிரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. படிக்கிற இடம் இஸ்தோப்பு.

*

2006இல் ஹொஃப்மன் மகனோடு ஊருக்குத் திரும்பிப் போனார். மகனுக்கும் அப்போது ஐந்து வயதில் ஒரு பிள்ளை.

பரண் அப்படியே இருந்தது.

ஒளிந்திருந்த சாமான் அறை மட்டும் இல்லை. சுவரை எடுத்துப் பக்கத்து வகுப்பறையோடு சேர்த்துவிட்டார்கள். அது இரசாயனவியல் வகுப்பறை.

அவர் என்ன நினைத்தாரோ. நான் எதுவும் சேர்த்து எழுதப்போவதில்லை.

2009இல் அவர் முயற்சியால் ஸ்லோச்சோவில் கொல்லப்பட்டவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது.

*

மறக்குமுன் ஒன்று.

ஒரு பாடசாலை. பெயர் வேண்டாம். விஞ்ஞான அறை, கண்ணாடி அலமாரி. உள்ளே சோதனைக் குழாய், முகவை, குடுவை, லிட்மஸ் தாள். வெளிநாட்டு உதவியில் வந்தவை. சில பெட்டி பிரிக்கவே இல்லை. பூட்டு.

உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். கணக்கெடுப்புக்கு வருகிற அதிகாரி எண்ணிப் பார்ப்பார். குறைந்தால் ஆசிரியர் கையிலிருந்து கட்ட வேண்டும். அதனால் பிரிக்காமல் இருப்பதே பாதுகாப்பு. ஆசிரியரைத் திட்டிப் பிரயோசனமில்லை.

லிட்மஸ் தாள் ஈரத்தில் தானாகவே நிறம் மாறிக் கிடந்தது. நுவரெலியாப் பனி.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் சிரமதானம், பெயின்ட் பேசி முடிந்ததும் கையைத் தூக்குங்கள். விஞ்ஞான அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது, இந்தத் தவணையில் எத்தனை தடவை திறந்தார்கள் என்று கேளுங்கள். உடைகிற குழாய்க்குச் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். கூட்ட அறிக்கைக் கொப்பியில் அதை எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.